வியாசபீடத்தில் தாந்தே: ஹாலண்டர் தம்பதியின் இருமொழிப் பதிப்பு

எங்கள் வீட்டு வியாசபீடம் தேக்கில் செய்தது. மாலையில் விளக்கு வைத்த பிறகு தாத்தா அதை விரித்து, இராமாயணத்தை அதன்மேல் வைத்து, திண்ணையில் இருப்பவர்களுக்குப் படித்துப் பொருள் சொல்வார். அவர் காலமான பின் நாற்பது ஆண்டுகள் அது பரணிலேயே கிடந்தது. போன ஆடியில் அதை இறக்கி, தூசி தட்டி, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன். தபாலில் வந்திருந்த மூன்று தடித்த புத்தகங்களைக் கையில் பிடித்துப் படிக்க என் மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து தாத்தாவின் வியாசபீடத்தில் தாந்தே இருக்கிறார்.

நான் வாங்கியது, இத்தாலியக் கவிஞர் தாந்தே மறுவுலகத்தின் வழியே தானே நடந்துபோவதாகப் பாடிய 'டிவைன் காமெடி' காவியத்துக்கு ராபர்ட் ஹாலண்டரும் அவர் மனைவி ஜீன் ஹாலண்டரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. மூன்று தொகுதிகள்: நரகம் 2000இல் வந்தது, பாவம் கழுவப்படும் இடமான உத்தரிக்கிற ஸ்தலம் 2003இல், மோட்சம் 2007இல். கணவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நாற்பது ஆண்டுகள் தாந்தே பாடம் நடத்தியவர், மனைவி கவிஞர். இடப்பக்கம் இத்தாலிய மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எந்த வரியில் என்ன நடக்கிறது என்ற சுருக்கம், பாட்டு முடிந்ததும் குறிப்புகள். பேப்பர்பேக்தான். ஒரு தொகுதிக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிக் கொடுத்தேன். நான் வாங்கிய இணையக் கடை இரண்டாம் தொகுதியை மெல்லிய உறையில் போட்டு அனுப்பியதால் மூலை மடங்கி வந்தது, மாற்றித் தந்தார்கள். ஓர் ஆண்டாகத் தினமும் திறந்து மூடியும் இதுவரை ஒரு தாள்கூடக் கழன்று வரவில்லை.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள். தேமா, புளிமா என்று பலகையில் எழுதியே சுண்ணாம்புக்கட்டி தேய்ந்தது. அதனால் இந்தக் காவியத்தைப் பற்றி மற்றவர்கள் முதலில் சொல்லும் நரக வேதனைகளைவிட, அதன் யாப்பைத்தான் நான் முதலில் பார்த்தேன். மொத்தம் 14,233 வரிகள். மூன்று காண்டங்கள், நூறு படலங்கள் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று பிடிபடும். நரகத்தில் 34, மற்ற இரண்டிலும் 33. படலத்துக்கு அவர்கள் சொல்லும் 'காந்தோ' என்ற சொல்லுக்குப் பொருளே பாட்டு என்பதுதான். வரிக்குப் பதினோரு அசை. மூன்று மூன்று வரியாக நடக்கும். முதல் வரியும் மூன்றாம் வரியும் ஒரே ஓசையில் முடியும். நடு வரியின் ஓசை அடுத்த மூன்று வரிகளின் முதலுக்கும் மூன்றுக்கும் போய்விடும். அங்கே நடுவில் புதிதாக ஓர் ஓசை பிறக்கும். இப்படியே சங்கிலி அறுபடாமல் போய், படலம் முடியும்போது ஒற்றை வரி ஒன்று வந்து கடைசி ஓசையைக் கட்டி முடிக்கும். அந்தாதி தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்முடையது சொல்லைத் தொட்டுத் தொடர்கிறது, அவருடையது ஓசையைத் தொட்டுத் தொடர்கிறது. நாம் எதுகையை வரியின் தலையில் வைக்கிறோம், அவர்கள் இயைபை வாலில் வைக்கிறார்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி இத்தாலியில், போலோஞாவில் ஆராய்ச்சி செய்கிறாள். தொலைபேசியில் முதல் படலத்தை மெதுவாகப் படித்துக் காட்டச் சொன்னேன். நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

நெல் மெத்ஸோ தெல் கம்மின் தி நோஸ்த்ரா வீத்தா
மி ரித்ரோவாய் பேர் ஊனா ஸெல்வா ஒஸ்கூரா,
கே லா திரீத்தா வீயா ஏரா ஸ்மர்ரீத்தா.

'நம் வாழ்க்கைப் பயணத்தின் நடுவழியில், நேர்வழி தவறிப்போய், ஓர் இருண்ட காட்டுக்குள் இருக்கக் கண்டேன்.' வீத்தா, ஸ்மர்ரீத்தா என்று இரண்டு முடிந்தன; நடுவில் நின்ற ஒஸ்கூரா அடுத்த மூன்று வரிகளில் தூராவையும் பவூராவையும் கூட்டிவருகிறது. முதல் சொல் இருட்டு, அடுத்தது கடினம், அதற்கடுத்தது அச்சம். அந்த மூன்று வரிகளின் நடுவில் ஃபோர்த்தே என்ற ஓசை பிறக்கிறது. அது இழுத்துவரும் முதல் சொல் மோர்த்தே, அதாவது சாவு. ஒன்பது வரிக்குள் ஓசையே கதை சொல்லிவிட்டது.

நான் திருப்பிப் படித்துக் காட்டியதும் அவள், "டீச்சர், இரட்டை எழுத்து உங்களுக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது. இங்கே என்னோடு படிக்கும் ஆங்கிலேயர்கள் இதற்குத்தான் மாதக்கணக்கில் திணறுகிறார்கள்" என்றாள். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கனிக்கும் கன்னிக்கும், பாடுக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்ப்பாலோடு கற்றவர்கள் நாம். இத்தாலிய மொழியிலும் ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். சொற்கள் பெரும்பாலும் உயிரோசையில் முடியும். பொருள் புரியாவிட்டாலும் தமிழ் நாக்கு இதைக் கௌரவமாகப் படிக்கும். இருமொழிப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். இடப்பக்கத்தை விட்டுவிட்டு வலப்பக்கத்தை மட்டும் படிப்பவர் பாட்டைக் கேட்காமல் அதன் பொழிப்புரையைக் கேட்டவர்.

ஆங்கிலத்தில் இயைபுச் சொற்கள் குறைவு. தாந்தேயின் சங்கிலியை அந்த மொழியில் அப்படியே கட்டப் பலர் முயன்றிருக்கிறார்கள். டோரதி சேயர்ஸ் அதைச் செய்யத் துணிந்தவர், மோட்சத்தை முடிக்கும் முன்பே 1957இல் காலமாகிவிட்டார். ஹாலண்டர் தம்பதி அந்தச் சங்கிலியை முயலவே இல்லை. மூன்று மூன்று வரி என்ற வடிவத்தை வைத்துக்கொண்டு, இயைபை விட்டுவிட்டு, மூல வரிக்குப் பக்கத்திலேயே ஆங்கில வரியை நடத்துகிறார்கள். ஆங்கிலத்தை மட்டும் உரக்கப் படித்து மயங்க விரும்புகிறவருக்கு இது போதாது. இத்தாலிய வரியில் விரலை வைத்து, அதே உயரத்தில் வலப்பக்கம் திரும்பிப் பொருள் தேடுகிற என்னைப் போன்றவருக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது. ஒரு வாரத்தில் அந்தப் பழக்கம் கண்ணுக்கு வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் ஆமோரே, லூச்சே, ஓக்கி என்று அன்பும் ஒளியும் கண்களும் ஆங்கிலம் பார்க்காமலே தெரிய ஆரம்பித்தன.

இனிக் குறிப்புகள். இந்தப் பதிப்பின் பெருமையும் அதுதான், பாரமும் அதுதான். திருக்குறளுக்குப் பதின்மர் உரை இருப்பதைப்போல இந்தக் காவியத்துக்கு உரைகாரர்களின் வரிசையே இருக்கிறது. முதல் உரைகளில் ஒன்று தாந்தேயின் மகன் யாக்கோப்போ 1322இல் எழுதியது, அதாவது தந்தை இறந்த மறு ஆண்டு. ஹாலண்டர் எழுபதுக்கும் மேற்பட்ட உரைகளைத் திரட்டி இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட டார்ட்மத் தாந்தே திட்டத்தைத் தொடங்கியவர். அந்த உழைப்பு முழுவதும் இந்தக் குறிப்புகளில் இறங்கியிருக்கிறது. மணக்குடவர் இப்படிக் கொண்டார், பரிமேலழகர் அதை மறுத்தார் என்று வகுப்பில் சொல்லிப் பழகியவளுக்கு இது விருந்து. ஆனால் பாட்டைவிடக் குறிப்பு பெரிது, மோட்சத்தில் பல மடங்கு பெரிது. எழுத்தும் பொடி, மேசை விளக்கை அருகே இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் பத்துப் படலங்களில் ஒவ்வொரு வரிக்கும் குறிப்பைத் தேடிப் போய், நான் கதையையே தொலைத்தேன். பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டேன். காலையில் ஒரு படலம், இத்தாலியத்தில் உரக்க, ஆங்கிலத்தில் மனத்துக்குள். குறிப்புகள் மாலையில்தான், அதுவும் உறுத்திய இடங்களுக்கு மட்டும். புதிதாகப் படிப்பவர்கள் இப்படிச் செய்யுங்கள்.

நரகத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. உலகம் முழுவதும் அந்தக் காண்டத்தோடு நின்றுவிடுகிறது, அதுதான் எனக்குள்ள வருத்தம். இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். எண்ணெய்க் கொப்பரையை எதிர்பார்த்துப் போன எனக்கு, நரகத்தின் அடியாழம் பனிக்கட்டியாக இருந்தது பெரிய அதிர்ச்சி. சாத்தான் பனியில் மார்பளவு உறைந்து நிற்கிறான். அவன் சிறகடிக்கும் காற்றே அந்த ஏரியை உறையவைக்கிறது. துரோகிகளுக்கு அந்த இடம். இன்னொன்று, பதவியில் இருந்து லஞ்சம் வாங்கியவர்கள் கொதிக்கும் தாரில் மூழ்கிக் கிடக்கும் பள்ளம். வெனிஸ் கப்பல் கட்டும் தளத்தில் குளிர்காலத்தில் ஓட்டை அடைக்கத் தார் காய்ச்சுவார்களே, அதைப்போல என்று உவமை சொல்கிறார். 1302இல் அவருடைய சொந்த ஊரான ஃப்ளோரன்ஸ் நகரம் தாந்தேயின்மேல் சுமத்திய குற்றமும் பதவியில் பணம் வாங்கினார் என்பதுதான். ஜனவரியில் அபராதமும் நாடுகடத்தலும். மார்ச்சில், பிடிபட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்ற தீர்ப்பு. தன்மேல் பழி சுமத்தப்பட்ட அந்தப் பள்ளத்தின் விளிம்பில் அவரே நடந்து போகிறார், பேய்கள் கொக்கிகளோடு பின்தொடர்கின்றன. இதை அறிந்து படித்தபோது எனக்கு மூச்சு அடைத்தது. அவர் ஃப்ளோரன்ஸுக்குத் திரும்பவே இல்லை. 1321 செப்டம்பரில் ரவென்னாவில் இறந்தார்.

இரண்டாம் காண்டத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்கள். என்னோடு பணியாற்றிய கணக்கு ஆசிரியை கல்லறைத் திருநாளன்று தன் அம்மாவுக்காகப் பூசை வைப்பார். இருப்பவர்களின் வேண்டுதல் அங்கே இருக்கும் ஆத்துமாக்களுக்கு ஏறும் படிகளைச் சுருக்கும் என்பார். அதைத்தான் தாந்தே ஒரு மலையாகக் கட்டியிருக்கிறார். ஏழு தளங்கள். ஏற ஏறக் களைப்பு குறையும் மலை. செருக்குற்றவர்கள் பாறை சுமந்து குனிந்து நடக்கிறார்கள். பொறாமைப்பட்டவர்களின் இமைகள் இரும்புக் கம்பியால் தைக்கப்பட்டிருக்கின்றன, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இங்கே எல்லோருக்கும் நாளை என்ற ஒன்று இருக்கிறது. வானம் இருக்கிறது, விடியல் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. கரையில் இறங்கியதும் தாந்தே தன் பழைய நண்பன் கசெல்லாவைக் காண்கிறார். மூன்று முறை தழுவப் போகிறார். மூன்று முறையும் கைகள் வெறுமையாகத் தன் மார்புக்கே திரும்புகின்றன. பாடு என்கிறார். கசெல்லா தாந்தே எழுதிய பாடலையே பாடுகிறான்.

ஐந்தாம் படலத்தில் பியா என்றொரு பெண் வருகிறாள். அவள் பேசுவது ஆறே வரி. அவளுக்கு முன்னால் பேசும் ஆண்கள் தங்கள் சாவுக் கதையை நீள நீளச் சொல்லி, எங்களுக்காக வேண்டச் சொல் என்று கேட்கிறார்கள். இவள் தொடங்குவதே வேறு: 'நீ உலகுக்குத் திரும்பி, இந்த நெடுவழியின் களைப்பு ஆறிய பிறகு, என்னை நினைத்துக்கொள்; நான் பியா.' அந்த மலையில் வந்தவனின் களைப்பை நினைத்தவள் அவள்தான். அடுத்த வரி, ஸியேனா மி ஃபே, திஸ்ஃபேச்செமி மரெம்மா. ஸியேனா என்னை ஆக்கியது, மரெம்மா என்னை அழித்தது. பிறந்த ஊர், செத்த இடம், நடுவில் ஒரு வாழ்க்கை, எல்லாம் பதினோரு அசைக்குள். ஃபே, திஸ்ஃபேச்செ என்று ஒரே வினையைத் திருப்பிப்போட்டிருக்கிறார். கணவன் கொன்றான் என்று அவள் சொல்வதே இல்லை. மோதிரம் போட்டு மணந்தவனுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். அன்று காலை நான் அடுத்த படலத்துக்குப் போகவில்லை.

ரோமானியக் கவி விர்ஜில் மறையும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். நரகத்தின் வாயிலிலிருந்து கைப்பிடித்து அழைத்துவந்த ஆசான் அவர். மலையுச்சியில், தாந்தே இளமையில் நேசித்து, முன்பே இறந்துபோன பெயாத்ரிச்சே தோன்றுகிறாள். தாந்தே நடுங்கிப்போய், பயந்த குழந்தை அம்மாவிடம் ஓடுவதைப்போல இடப்பக்கம் திரும்புகிறார், விர்ஜிலிடம் சொல்ல. அங்கே யாரும் இல்லை. மூன்றே வரிக்குள் விர்ஜிலின் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார். சாவு வீட்டில் பெயர் சொல்லி அழுவதைக் கேட்டவர்களுக்கு அந்த மூன்று வரிகளுக்குக் குறிப்பு தேவையில்லை. உடனே பெயாத்ரிச்சே 'தாந்தே' என்று அழைக்கிறாள். காவியம் முழுவதிலும் அவர் பெயர் வருவது அந்த ஒரே இடத்தில்தான். என்னிடம் படித்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். தேர்வுக்கூட வாசல் வரை வந்து, அங்கேயே நின்றுகொள்வதுதானே எங்கள் தொழில்.

மோட்சம் கடினம். ஒளி, கோள்கள், இறையியல் வாதங்கள். பல காலைகளில் ஒரு படலத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அந்தத் தொகுதிக்குத்தான் ஹாலண்டரின் குறிப்புகள் உண்மையிலேயே கைவிளக்கு. பதினேழாம் படலத்தில், பிறர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும், பிறர் வீட்டுப் படியில் ஏறி இறங்குவது எவ்வளவு கடினம் என்று தாந்தேயின் தாத்தாவுக்குத் தாத்தாவான கச்சகுய்தா அவருக்கு எதிர்காலம் சொல்கிறார். ஃப்ளோரன்ஸ் இருக்கும் தஸ்கனிப் பகுதியில் இன்றும் ரொட்டியில் உப்புப் போடுவதில்லை என்று மாணவி சொன்னாள்.

பத்தொன்பதாம் படலத்துக்காகவே இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்தேன். வியாழ மண்டலத்தில் நீதிமான்களின் ஆன்மாக்கள் சேர்ந்து ஒரு கழுகாக நின்று பேசுகின்றன. தாந்தே நெடுநாள் மனத்தில் சுமந்த கேள்வியை அந்தக் கழுகே எடுத்துச் சொல்கிறது. சிந்து நதிக் கரையில் ஒருவன் பிறக்கிறான். அங்கே கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வாரும் இல்லை, படிப்பாரும் இல்லை, எழுதுவாரும் இல்லை. அவன் எண்ணமும் செயலும் நல்லவை. சொல்லிலும் நடத்தையிலும் பாவம் இல்லை. திருமுழுக்குப் பெறாமல் இறந்துபோகிறான். அவனைத் தண்டிக்கும் நீதி எங்கே இருக்கிறது? அவன் நம்பாதது அவன் குற்றமா?

எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால், இந்தியாவைக் கண்ணால் காணாத ஒரு கிறிஸ்தவர் இதைக் கேட்டிருக்கிறார். அவர் கேட்ட அந்த மனிதர் என் தாத்தா. புத்தகம் விரிந்திருந்த வியாசபீடத்தின் ஓரத்தில், அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு மழுங்கிய இடத்தை நான் தொட்டுப் பார்த்தேன்.

கழுகு கொடுக்கும் பதில் எனக்கு நிறைவு தரவில்லை. ஒரு சாண் தூரம் பார்க்கும் கண்ணோடு ஆயிரம் மைலுக்கு அப்பால் தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று அது அதட்டுகிறது. ஆனால் அங்கேயே நிற்கவில்லை. கிறிஸ்து, கிறிஸ்து என்று கூவுகிறவர்களில் பலர், தீர்ப்பு நாளில் அவரை அறியாதவனைவிடத் தொலைவில் இருப்பார்கள் என்கிறது. அடுத்த படலத்தில் ரிஃபேயுஸ் என்ற ட்ராய் வீரனை, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இறந்தவனை, மோட்சத்தில் வைத்துக் காட்டுகிறது. அன்று மாலை அந்தப் படலங்களின் குறிப்புகள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் படித்தேன். கேள்வி தீரவில்லை. தாந்தேயும் அதைத் தீர்ந்ததாகக் காட்டவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: பணம் செலவழிக்கும் முன் சுவை பார்க்க வேண்டுமென்றால் லாங்ஃபெல்லோ 1867இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மொழிநடை பழையது, ஆனால் மூலத்துக்கு உண்மையானது. மின்புத்தகமாக இதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து, இரண்டு மொழியும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும் வசதி சிறிய திரையில் கிடைக்காது. மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர்கள் நரகத்தை நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, இரண்டாம் தொகுதியைச் சொந்தமாக வாங்குங்கள். என் இரண்டாம் தொகுதியைக் கணக்கு ஆசிரியை கல்லறைத் திருநாளுக்கு முன் வாங்கிக்கொண்டு போனார். பியாவின் பக்கத்தில் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன், அழித்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.